குடிதண்ணிக் கணக்கில் சேராத மாத்திரை

திறந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தால், வாசலில் வைத்திருக்கும் தண்ணீர் கேனின் குழாயை முதலில் ஒருமுறை இறுக்குவார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருக்கும். அடுத்து, ஆள் இல்லாத பெஞ்சுக்கு மேலே சுற்றும் ஃபேனை நிறுத்துவார். ஃப்ரிட்ஜ் கதவை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவார். நான் பேனாவைத் திறந்தபடி மேஜையில் போட்டிருந்தால் மூடியைத் தேடிப் பொருத்திவிட்டுத்தான் மருந்துச் சீட்டையே நீட்டுவார். இந்த வேலைகள் எல்லாம் முடிய இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் பின்னால் வந்தவர் முந்திக்கொண்டு எதையாவது கேட்டால் கோபம் வந்துவிடும். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்பார்.

முப்பத்தைந்து வருஷம் வாய்க்கால் தலைப்பில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்குவதும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை வைத்து விடுவதும் வேலை. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும் திருக்காட்டுப்பள்ளியில் அவரை லஸ்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துச் சீட்டில் பார்த்ததால் அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் ஊரில் ஒருவருக்கும் ஆள் யாரென்று புரியாது, ஆகவே எழுதவில்லை.

தண்ணீரைத் திறந்துவிடத்தான் அவருக்குச் சம்பளம் என்று ஊர் நினைத்திருந்தது. அவர் அப்படி நினைக்கவில்லை. "தொறக்கறதுக்கு யாரு வேணும்னாலும் போதும்மா. கம்பிய சுத்துனா தொறந்துட்டுப் போவுது. மூடறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார். ஒருமுறை பெரிய மிராசுதார் ஒருவர் வீட்டு ஆள், முறை முடிந்த பிறகும் ஷட்டரை அரையடி தூக்கி வைக்கச் சொல்லி வந்தானாம். இவர் ஷட்டர் சுற்றும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதே வருஷம் அவருடைய மச்சான் வயலும் காய்ந்தது. அண்ணன் பயிருக்காக அவர் மனைவி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் மச்சான் வயலுக்கு முறை வந்தது, தண்ணீரும் வந்தது. பயிர்தான் அதுவரை காத்திருக்கவில்லை.

இப்படி ஒருவருக்கு ஊரில் நல்ல பெயரும் கெட்ட பெயரும் சரிசமமாக இருந்தன. எங்கள் வீட்டில் நல்ல பெயர்தான். என் அப்பா கூலி வேலை செய்துகொண்டே கடைமடையில் இரண்டு மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். கடைமடைக்குத் தண்ணீர் வருவது அபூர்வம். இவர் லஸ்கராக இருந்த காலத்தில் வந்தது. அந்த நெல்லில்தான் நான் பார்மஸி படித்தேன் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் இவர் என் கடை ஃபேனை நிறுத்தினால் நான் வியர்த்துக்கொண்டு சிரிப்பேன்.

என் கடையை ஒட்டித்தான் க்ளினிக். டாக்டர் தஞ்சாவூரிலிருந்து சாயங்காலம் வருவார். டோக்கன் கொடுப்பது என் வேலை. லஸ்கருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, கொழுப்பும் ஏறியிருந்தது. இரண்டுக்கும் ஒவ்வொரு மாத்திரை எழுதியிருந்தார் டாக்டர். மாதம் பிறந்ததும் வந்து இரண்டு அட்டை வாங்கிப் போவார். ஒரு வருஷம் மாசியில் வந்தவர் பிரஷர் மாத்திரையை மட்டும் கேட்டார்.

"கொழுப்பு மாத்திரை?"

"வேணாம்."

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"மேட்டூர்ல மூடிட்டான்ல."

நான் கேலி என்று நினைத்துக்கொண்டேன். பங்குனியிலும் அதுவேதான். சித்திரை, வைகாசியிலும் ஒரே அட்டைதான் வாங்கினார். ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள் வந்து, "ரெண்டும் குடு" என்றார். அதன் பிறகுதான் பழைய பில்களைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது. தை மாதம் அணையை மூடினால் அவர் மாத்திரையை மூடுகிறார். அணை திறந்து தண்ணீர் எங்கள் ஊர் ஷட்டரைத் தொட்டால் மாத்திரையைத் திறக்கிறார்.

"அப்ப பிரஷர் மாத்திரைய மட்டும் ஏன் போடறீங்க?" என்று கேட்டேன்.

என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "அணைய மூடுனாலும் குடிதண்ணிக்குன்னு கொஞ்சம் வுடுவான்ல. பிரஷர் மாத்திரை குடிதண்ணி. அது இல்லன்னா தலை சுத்துது, தெரியுது. இந்த நீளப் பேர் மாத்திரை பாசனத் தண்ணி. போட்டாலும் ஒண்ணும் தெரியல, போடாட்டியும் ஒண்ணும் தெரியல. அதுக்கு ஓய்வு குடுத்துத்தான் ஆகணும்."

"ஓய்வு எதுக்கு? ரத்தக் குழாய்ல கொழுப்பு படியாம இருக்கத்தானே மாத்திரை?"

"அதத்தான் நானும் சொல்றேன். வாய்க்கால்ல வண்டல் படிஞ்சிருக்கு. மாசி பங்குனியில தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா எப்ப தூர் வாருவ? காஞ்சாத்தானே வெட்ட முடியும்?"

"ஐயா, தூர் வாருறதே அந்த மாத்திரைதான்."

"மாத்திரை தண்ணிம்மா. தூர் வாருறது ஒடம்பு."

இரண்டு வருஷம் படித்து, பார்மஸி கவுன்சிலில் பதிவு பெற்று, சான்றிதழைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேலே மாட்டி வைத்திருப்பவள் நான். அந்தச் சான்றிதழை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். அவர் என் பேனாவை மூடிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் அன்று சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டாக்டருக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். வருஷத்துக்கு ஒருமுறை கொழுப்புக்கு ரத்தம் பார்க்கச் சொல்வார். லஸ்கர் மார்கழியில் போய்ப் பார்ப்பார். சம்பா கதிர் பிடித்து வயல் பச்சையாக நிற்கும் நேரம், அவரும் ஆறு மாதம் விடாமல் மாத்திரை போட்டிருப்பார். ரிப்போர்ட் கண்ணாடி மாதிரி வரும். டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, வெளியே காத்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இவர மாதிரி ஒழுங்கா மாத்திரை போட்டா நமக்கு வேலையே இல்ல. எல்லாரும் இவரப் பாத்துக் கத்துக்குங்க" என்பார். லஸ்கர் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகத் தலையை ஆட்டுவார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மாத்திரை அட்டைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன். கடைமடைக்குத் தண்ணீர் விட்ட மனிதரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அது மரியாதை என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது.

பிறகு அந்த வருஷம் வந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணை திறக்கவில்லை. வைகாசி போய் ஆனியும் போனது. குறுவைப் பயிர் போட முடியாதவர்கள் ஆற்றுப் பாலத்தில் நின்று மணலைப் பார்த்தார்கள். என் அலமாரியில் அவருக்கென்று எடுத்து வைத்த அட்டை அப்படியே இருந்தது.

அவர் மனைவி கடைக்கு வந்தார். அதிகம் பேசாத அம்மா. "தெனம் பேப்பர்ல அணை மட்டத்தப் பாக்கறாரு, மடிச்சு வச்சுடறாரு. மாத்திரையக் கேட்டா, தண்ணி வரட்டும்ங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரும்மா."

நான் சொன்னால் கேட்பார் என்று எதை வைத்து நம்பினாரோ! இருந்தாலும் லஸ்கர் அடுத்தமுறை பிரஷர் மாத்திரைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் அது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஆடிப்பெருக்கையே அடிபம்புல முடிச்சாச்சுய்யா. நீங்க மட்டும் ஏன் ஆத்துத் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"அது மனசு ஆறுறதுக்குச் செய்யறது."

"இது உசுரு சமாச்சாரம். ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாளு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா என்ன செய்வீங்க?"

"ஊருக்கே வரல. எனக்கு மட்டும் எப்படிம்மா மொத ஆளா தொறந்துக்கறது?"

இதற்குக் கோபப்படுவதா, சிரிப்பதா? மாத்திரைக்கும் மேட்டூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பின்னால் நான்கு பேர் நின்றார்கள். திங்கட்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், அன்று டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தத் திங்கட்கிழமை கூட்டம் அதிகம். அடுத்த திங்கட்கிழமை டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரத்துக்கு என்னிடம் ஒரு சாக்கும் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் லஸ்கர் சைக்கிளில் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "வாயு பிடிச்சிருக்கும்மா. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. டாக்டரப் பாத்துட்டுப் போறேன்" என்றார். டோக்கன் கொடுத்தேன். பத்தொன்பது. உள்ளே பதினோராம் நம்பர் இருந்தார்.

"ரொம்ப முடியலியாய்யா? முன்னாடி அனுப்பட்டுமா?"

"முறை வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம். தண்ணீர் குடித்துவிட்டுப் போன யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை. கீழே வைத்திருந்த கிண்ணம் நிரம்பித் தரையில் ஓடியது. அந்தத் தண்ணீர் அவருடைய செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாய் அவர் கைக்கு எட்டுகிற தூரம். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூடவில்லை.

கையிலிருந்த பாட்டிலை எங்கே வைத்தேன் என்று தெரியாது. க்ளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "டாக்டர், லஸ்கர்" என்று மட்டும் சொன்னேன். பதினோராம் நம்பரை எழுப்பிவிட்டு அவரைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் கேட்ட மாத்திரைகளை நான் பிய்த்துக் கொடுத்த வேகத்தில் இரண்டு தரையில் விழுந்தன. நூற்றெட்டு வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒன்று சொன்னார். வீட்டுக்கு ஏதோ சொல்லி அனுப்பப்போகிறார் என்று குனிந்தேன்.

"முன்னாடி ஏழு பேரு இருக்காங்கம்மா."

தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம். பதினெட்டாம் நம்பர் முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இருபது நாள் கழித்து ஒரு ஆட்டோ என் கடை முன்னால் நின்றது. மனைவி பிடித்துக்கொள்ள மெதுவாக இறங்கினார். ஆட்டோவின் பின்சீட் முழுக்கப் பூவன் பழச் சீப்பு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் வெட்கத்தோடு எழுந்து நின்றேன். அவர் கேனின் குழாயை இறுக்கிவிட்டு வந்தார்.

"அன்னைக்கு டோக்கன் நோட்ட எடு. பன்னெண்டுலேருந்து பதினெட்டு வரைக்கும் யாரு யாரு?"

"எதுக்குய்யா?"

"அவங்க முறைய எடுத்துக்கிட்டேன்ல."

ஏழு வீட்டுக்கும் போனார். வீட்டுக்கு ஒரு சீப்பு. பன்னிரண்டாம் நம்பருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டாராம். பதினான்கு அன்று வந்ததே லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கத்தான். அவரிடமும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பதினேழாம் நம்பர் அம்மா மட்டும் பழத்தை வாங்கிக்கொண்டு, அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டி வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதைச் சொல்லிச் சண்டை போட்டாராம். "அந்தம்மாதான் ஞாயமானவங்க" என்றார் என்னிடம்.

ஆஸ்பத்திரியில் அதே கொழுப்பு மாத்திரையைக் கூடுதல் பவரில் எழுதியிருந்தார்கள். பத்துப் பதினைந்து நாளில் தொடையெல்லாம் வலி, படி ஏற முடியவில்லை என்று வந்து நின்றார். முகத்தில் ஒரு வெற்றிக் களை. "பாத்தியா? தாங்காத வாய்க்கால்ல தண்ணிய வுட்டா கரை வலிக்கத்தான் செய்யும்." இந்த முறை நான் விடவில்லை. கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தம் பார்த்தார். அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும், அதற்காகச் சிகிச்சையை விட முடியாது என்று சொல்லி, அதே வகையில் வேறு ஒரு மாத்திரையை, குறைந்த அளவில், மாற்றி எழுதினார்.

அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார் லஸ்கர். "இது எந்தக் கணக்கு? பாசனமா, குடிதண்ணியா?"

"குடிதண்ணி" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? மேலேருந்து உத்தரவு வேணும்ல."

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டூர், தூர் வாருவது, ஏழு மாதம், நான் வாயை மூடிக்கொண்டிருந்த வருஷங்கள், எல்லாம். முதலில் டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு ஃபைலை எடுத்துப் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். "எல்லாமே டிசம்பரா?" என்று கேட்டார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் தேதியப் பாக்கலியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மருந்துச் சீட்டில், 'ஆண்டு முழுவதும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தார். லஸ்கர் ஸ்டாம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் புரட்டாசியில் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள். தையில் மூடினார்கள். நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கோயிலுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து, இன்னும் அட்டையில் இருக்கிறது என்று கையால் சைகை காட்டினார். அது தீர்ந்த பிறகு வாங்க வருவாரா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கவலை.

மாசி முதல் வாரம் வந்தார். மூன்று பேருக்குப் பின்னால் நின்று, முறை வந்ததும் இரண்டு காலி அட்டைகளை மேஜையில் வைத்தார்.  அலமாரியிலிருந்து இரண்டு புது அட்டைகளை எடுத்தபடி, "பரவாயில்லியே. ஸ்டாம்ப் வேலை செய்யுது" என்றேன்.

"எது, அந்தச் சீலா?" அவருக்கு அப்படிச் சிரிப்பு வந்து நான் பார்த்ததில்லை. "அந்த மாதிரி சீல் குத்துன உத்தரவு எத்தனை பாத்திருப்பேன் தெரியுமா? மேலேருந்து எவனோ, இன்னாருக்கு நாலு நாள் கூட வுடுன்னு எழுதி அனுப்புவான். மடிச்சு ஷட்டர் ரூம் ஓட்டுல சொருகிட்டு முறைப்படிதான் வுட்டிருக்கேன்."

"அப்புறம் எதுக்குத் தெனம் போடறீங்க? மூடிட்டாங்களே."

 மேஜையில் கிடந்த என் பேனாவை எடுத்தார். மூடியைப் பொருத்தினார்.

"அடுத்தவன் முறையில வாங்குன தண்ணிம்மா இது. ஏழு பேரோடது. அத வடிகால்ல வுடலாமா?"

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. டாக்டர் இப்போது ரத்தப் பரிசோதனைக்குச் சித்திரையில் அனுப்பினார். அப்போதும் ரிப்போர்ட் கண்ணாடி மாதிரிதான் வந்தது. கடைசியில் ஒரு ஐப்பசி மழையில் நனைந்து, சளி நெஞ்சில் இறங்கி, காய்ச்சலில் போனார். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, அது நன்றாக இருந்தது என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவர் மனைவி கடைக்கு வந்தார். முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்து, "நீங்க வாங்கம்மா" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அண்ணன் பயிருக்காகப் பட்டினி கிடந்தவர், கையில் ஒரு சின்னப் பையோடு இரண்டு பேருக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். முப்பதில் பத்தொன்பது பிரித்திருந்தது, பதினொன்று பாக்கி.

"யாருக்காவது குடுத்துடும்மா. வீணாப் போவக் கூடாது."

பிரித்த அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதை அவரிடம் சொல்லாமல் வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். அதன் காலாவதித் தேதி போன வருஷமே முடிந்துவிட்டது. குப்பையில் போட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் எடுக்கிறேன், திரும்ப உள்ளே வைத்து டிராயரை மூடிவிடுகிறேன்.